சிலருடைய வியாதி, பலருக்கு வெளிச்சம்
(தொழிலாளர் வாசகசாலையில் நிகழ்த்திய பேச்சு)



தேநீர்க் கிளாஸைப் பிடித்தால் கை நடுங்குகிறது. அடி எடுத்து வைக்கக் கால் மறுக்கிறது. இப்படிப்பட்ட பெரியவர்களைக் கண்டிருக்கிறோம். “வயதாகிவிட்டது” என்று சொல்லிவிடுகிறோம். பலருக்கு அது வயதல்ல, பார்க்கின்சன் வியாதி. 1817-ல் இதை விவரித்தவர் ஜேம்ஸ் பார்க்கின்சன் என்ற லண்டன் வைத்தியர். பார்லிமெண்டுச் சீர்திருத்தம் கோரித் துண்டுப் பிரசுரம் எழுதியவரும் அவரே.

இன்னொரு வியாதி காஷே. 1882-ல் பிலிப் காஷே என்ற பிரெஞ்சு மாணவர் கண்டறிந்தது, மிக அபூர்வமானது. உயிரணுக்களில் ஒருவகைக் கொழுப்பைச் சிதைக்கும் என்சைம் உண்டு. அதற்கான மரபணு தாயிடமிருந்து ஒன்று, தந்தையிடமிருந்து ஒன்று வருகிறது. இரண்டும் பழுதானால் கொழுப்பு தேங்கி, ஈரலும் மண்ணீரலும் வீங்கும்; எலும்பு நோகும். ஒன்று மட்டும் பழுதானால் தீங்கில்லை என்றே நெடுங்காலம் நினைத்தார்கள்.

ஆனால் காஷே நோயாளிகள் சிலருக்கும், அவர்களுடைய உறவினர் சிலருக்கும் நடுக்கம் இருப்பதை டாக்டர்கள் கவனித்தார்கள். 16 ஆராய்ச்சி நிலையங்கள் ஒன்றுகூடி, 5,000-க்கு மேற்பட்ட பார்க்கின்சன் நோயாளிகளைப் பரிசோதித்து 2009-ல் முடிவை வெளியிட்டன. அந்தப் பழுது இவர்களிடம் இருப்பதற்கான வாய்ப்பு மற்றவர்களைவிட 5 மடங்குக்கு மேல்! 2023-ல் நைஜீரியாவிலும், ஆப்பிரிக்க வம்சாவளியினரிடையிலும் அதே மரபணுவில் வேறொரு மாறுதலைக் கண்டார்கள்.

பயப்பட வேண்டாம். பழுதான மரபணு உள்ளவர்களில் பெரும்பாலோருக்குப் பார்க்கின்சன் வருவதே இல்லை. இது பூர்வஜன்ம பாபமுமல்ல, குடும்பத்துக்கு இழுக்குமல்ல. பெண் கொடுக்க மறுப்பதும், மருமகளைப் பழிப்பதும் அறியாமை.

இருமலுக்குத் தரும் அம்ப்ராக்சால் என்ற மருந்து அந்த என்சைமுக்கு வலுவூட்டி நடுக்கத்தைத் தடுக்குமா என்று பிரிட்டனில் சோதிக்கிறார்கள். முடிவு தெரியுமுன் கடையில் வாங்கி விழுங்காதீர்கள்!

“விரல் விட்டு எண்ணக்கூடியவர்களின் வியாதிக்கு ஏன் செலவு?” என்று கேட்பவர்கள் உண்டு. அந்தச் சிலரைக் கைவிட்டிருந்தால் லட்சக்கணக்கானவர்களுக்கு உதவும் இந்த வழி திறந்திருக்குமா? அபூர்வ வியாதியஸ்தருக்கு 50 லட்சம் ரூபாய் வரை உதவி என்று மத்திய அரசு 2022-ல் அறிவித்தது. காஷே நோயாளிக்கு ஆயுள் முழுதும் ஏற்றவேண்டிய மருந்து, அதுவும் கொள்ளை விலை. அந்தத் தொகை எத்தனை நாள் காணும்?

மருந்து விலை குறைய வேண்டும்; சர்க்கார் ஆஸ்பத்திரியிலேயே பரிசோதனை கிடைக்க வேண்டும். இதைக் கேட்பது பிச்சையல்ல தோழர்களே, உரிமை!