கடலில் கலக்கும் தண்ணீர் வீணா?

(முன்னாள் மாணவர் சந்திப்பு விழாவில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)

 

"சார், உங்க ஆராய்ச்சியைப் பத்திப் பேசுங்க, ஆனா பசங்களுக்குப் புரியணும்" என்று செயலாளர் உத்தரவு போட்டிருக்கிறார். நாற்பது ஆண்டு காலம் மீன், இறால், சேறு, உப்புத் தண்ணீர் என்று காலம் தள்ளியவன் நான். இதில் புரியாத விஷயம் அதிகம் இல்லை. முயற்சி செய்கிறேன்.

நம் மன்னர் கல்லூரியில் விலங்கியல் பட்டம் வாங்கிக்கொண்டு, மேற்படிப்புக்குப் பரங்கிப்பேட்டைக்குப் போனேன். அங்கே கேட்ட முதல் கேள்வி: "புதுக்கோட்டைக்காரருக்குக் கடலில் என்ன வேலை?" கேள்வி நியாயமானதுதான். தொண்டைமான் சமஸ்தானத்துக்கு நாலு பக்கமும் நிலம், கடற்கரை கிடையாது. 1948 மார்ச்சில் சமஸ்தானம் இந்தியாவோடு இணைந்து திருச்சி மாவட்டத்தில் சேர்ந்தது. 1974 ஜனவரி 14-இல் புதுக்கோட்டை தனி மாவட்டமானபோது, தஞ்சை மாவட்டத்திலிருந்த அறந்தாங்கிப் பகுதியும் சேர்ந்து வந்தது. அதோடுதான் கட்டுமாவடி, மணமேல்குடி, கோட்டைப்பட்டினம், ஜெகதாப்பட்டினம், மீமிசல் எல்லாம் நம்முடையவை ஆயின. நான் படிக்கும் காலத்தில் கடல் பக்கத்து மாவட்டத்துச் சங்கதி!

ஆனால் கேட்டவருக்குச் சொல்ல என்னிடம் ஒரு பதில் இருந்தது. "உங்க ஊர்லயும் வெள்ளாறு, எங்க ஊர்லயும் வெள்ளாறு!" சேலம் பக்கத்து மலைகளில் பிறந்து பரங்கிப்பேட்டையில் கடலைச் சேர்வது வடவெள்ளாறு. மணப்பாறைப் பக்கம் தோன்றி, நம் ஊருக்குத் தெற்கே ஓடி, அறந்தாங்கி வட்டாரம் வழியாகப் பாக் விரிகுடாவில் கலப்பது தென்வெள்ளாறு. சோழ நாட்டுக்கும் பாண்டிய நாட்டுக்கும் எல்லை என்று பள்ளிக்கூடத்தில் படித்தோமே, அதே ஆறு.

பெயர் ஒன்று. ஆனால் அறிவியலில் இரண்டின் அதிர்ஷ்டமும் வேறு. அண்ணாமலைப் பல்கலைக்கழகத்தில் விலங்கியல் பேராசிரியராக இருந்த ஆர்.வி. சேஷய்யா அவர்கள், கடல் உயிரியல் படிக்கிறவன் கடல் ஓரத்திலேயே இருக்க வேண்டும் என்று பரங்கிப்பேட்டையில் ஆய்வு நிலையத்தை நிறுவினார். 1963-இல் பல்கலைக்கழக மானியக் குழு அதை உயர் ஆய்வு மையமாக அங்கீகரித்தது. அன்று முதல் தலைமுறை தலைமுறையாக மாணவர்கள் அந்த ஆற்றின் வாயில் வலை போட்டிருக்கிறார்கள். உப்பு, சேறு, மிதவை உயிரி, நண்டு, மடவை, கொடுவா என்று அவர்கள் எழுதிய ஆய்வேடுகளை அடுக்கினால் இந்த மேடை தாங்காது. நம் வெள்ளாற்றைப் பற்றி எழுதப்பட்டவற்றை ஒரு கையில் தூக்கிவிடலாம். இன்று நான் பேச வந்தது இந்த வித்தியாசத்தைப் பற்றித்தான்.

அங்கே நான் என்ன செய்தேன்? மாதம் தவறாமல், அதே இடத்தில், ஏற்றத்திலும் வற்றத்திலும் தண்ணீர் எடுப்பது, வெப்பம் பார்ப்பது, வெள்ளி நைட்ரேட் சொட்டுச் சொட்டாக விட்டு உப்பின் அளவைக் கண்டுபிடிப்பது, நுண்வலையில் சிக்கிய இறால் குஞ்சுகளை நுண்ணோக்கிக்கு அடியில் வைத்து எண்ணுவது. சில நாள் படகிலேயே இருபத்து நாலு மணி நேரம். கொசுக்கடி, பசி, தூக்கம். வீட்டில் அம்மா கேட்பார்கள்: "ஏம்ப்பா, எம்மெஸ்ஸி படிச்சிட்டு றாலு எண்ணுறியா?" ஆமாம், அதற்குத்தான் டாக்டர் பட்டமும் கொடுத்தார்கள்!

எண்ணியதில் தெரிந்தது என்ன? வெள்ளை இறால் முட்டையிடுவது கடலில். ஒரு நாளைக்குள் குஞ்சு பொரிக்கும். சுமார் இரண்டு வாரத்தில் பல உருவம் மாறி, ஊசி மாதிரிக் கண்ணாடிக் குஞ்சாகக் கழிமுகத்துக்குள் நுழையும். உள்ளே பெரிய மீன்களின் தொல்லை குறைவு, தீனி அதிகம். சில மாதம் வளர்ந்து மறுபடியும் கடலுக்குத் திரும்பும். அப்போதுதான் வலையில் படும். ஆகவே கழிமுகம் என்பது இறாலுக்குப் பள்ளிக்கூடம். வாசல் திறந்திருந்தால்தான் பிள்ளை வரும்.

வாசலைத் திறப்பது யார்? ஆற்றுத் தண்ணீர். நம் பக்கம் ஏற்றவற்றம் ஒரு மீட்டருக்கும் குறைவு. அலை கொண்டுவந்து போடும் மணலைத் தள்ள அந்த வலு போதாது. ஐப்பசி, கார்த்திகை மழையில் வெள்ளம் வந்து முட்டினால்தான் முகத்துவாரம் திறக்கும். வெள்ளம் வராத வருஷம் மணல்திட்டு அடைத்துக்கொள்ளும். உள்ளே நிற்கும் தண்ணீர் கோடையில் காய்ந்து காய்ந்து, கடலைவிட அதிகமாக உப்புக் கரிக்கும். கடல் நீரில் கிலோவுக்குச் சுமார் 35 கிராம் உப்பு. அடைபட்ட கழியில் அதையும் தாண்டும்.

பிறகு நான் ஆசிரியர் வேலைக்கு வந்தேன். லீவு கிடைத்தால் அறந்தாங்கி பஸ் ஏறி மணமேல்குடிப் பக்கம் போய்விடுவேன். அங்கே ஒரு பெரியவர். பாய் என்றுதான் கூப்பிடுவேன். எழுதப் படிக்கத் தெரியாது. ஆனால் காற்றையும் நீவாட்டையும் பார்த்து எந்தப் பக்கம் எந்த மீன் நிற்கும் என்று சொல்லிவிடுவார். ஒருநாள் சொன்னார்: "ஆறு வந்துச்சுன்னா மூணு நாலு மாசத்துல றாலு வரும் தம்பி. ஆறு வரலேன்னா வலைய உணத்திக்கிட்டு உக்கார வேண்டியதுதான்." நான் ஆண்டுக்கணக்கில் நுண்ணோக்கியில் பார்த்து எழுதியதை அவர் இரண்டு வரியில் முடித்துவிட்டார்! ஒரு வித்தியாசம் மட்டும் உண்டு. எந்த வருஷம் எவ்வளவு வந்தது என்று அவர் எழுதி வைக்கவில்லை. எழுதி வைக்காதது கோர்ட்டிலும் செல்லாது, கலெக்டர் ஆபீசிலும் செல்லாது.

இதை நேரிலேயே பார்க்கும் காலம் வந்தது. 1990-களின் தொடக்கத்தில் கடலோரம் முழுக்க இறால் பண்ணை மோகம். கழிமுகத்தில் பெண்களும் பிள்ளைகளும் குஞ்சு பிடித்து விற்றார்கள். 1994, 95 வாக்கில் வெள்ளைப்புள்ளி நோய் வந்து பல பண்ணைகள் படுத்துவிட்டன. கிணறு உப்பாகிவிட்டது, வயல் பாழ் என்று ஊருக்கு ஊர் புகார். சர்வோதயத் தலைவர் ஜெகந்நாதன் தொடுத்த வழக்கில் 1996 டிசம்பர் 11-இல் உச்ச நீதிமன்றம் தீர்ப்புச் சொன்னது. பின்னர் 2005-இல் கடலோர நீர்வாழ் உயிரின வளர்ப்பு ஆணையச் சட்டமும் வந்தது.

அந்த நாட்களில் ஒரு விவசாயி என்னைத் தேடி வந்தார்: "ஐயா, பண்ணை வர்றதுக்கு முந்தி எங்க கிணத்துத் தண்ணி இனிப்பா இருந்துச்சுன்னு எழுதிக் குடுங்க." அடுத்த வாரம் ஒரு பண்ணைக்காரர் வந்தார்: "சார், இங்க எப்பவுமே உப்புதான்னு எழுதிக் குடுங்க." இரண்டு பேருமே பொய்யர்கள் அல்ல. அவரவர் நினைவு அவரவருக்கு. ஆனால் பண்ணைக்கு முந்தைய கணக்கு அந்த ஊருக்கு யாரிடமும் இல்லை. இரண்டு பேரையும் வெறுங்கையோடுதான் அனுப்பினேன். அறிவியல் படித்த ஒருவனுக்கு அதைவிடச் சங்கடம் வேறு இல்லை.

இப்போது மறுபடியும் ஒரு பெரிய மாற்றம் வருகிறது. காவிரி, வைகை, குண்டாறு இணைப்புத் திட்டத்துக்கு 2021 பிப்ரவரியில் நம் மாவட்டத்திலேயே, விராலிமலைப் பக்கம், அடிக்கல் நாட்டினார்கள். மாயனூரிலிருந்து காவிரியின் மிகை வெள்ளத்தைக் கொண்டு வரும் கால்வாயின் முதல் கட்டம் முடியும் இடம் எது? நம் தென்வெள்ளாறுதான். நம் விவசாயிகள் தலைமுறைக் கணக்கில் காத்திருந்த தண்ணீர் அது. வரட்டும், கண்மாய்கள் நிறையட்டும். நானும் கண்மாய்க்கரையில் பிறந்தவன்தான்.

ஆனால் இத்தகைய மேடைகளில் ஒரு வாக்கியம் அடிக்கடி வரும்: "வீணாகக் கடலில் கலக்கும் தண்ணீர்." அந்த ஒரு சொல்லை மட்டும் நான் ஒப்புக்கொள்ள மாட்டேன். வெள்ளம் கடலுக்குப் போகும்போது முகத்துவாரத்தைத் திறக்கிறது, உப்பைக் குறைக்கிறது, வண்டலையும் சத்தையும் கொண்டு போகிறது. கோட்டைப்பட்டினத்திலும் ஜெகதாப்பட்டினத்திலும் கரைக்கு வரும் மீனில் அந்தத் தண்ணீருக்கும் பங்கு உண்டு. எவ்வளவு பங்கு? எவ்வளவு தண்ணீர் போனால் போதும்? மிச்சத்தை நாம் எவ்வளவு எடுத்துக்கொள்ளலாம்? கேட்க வேண்டிய கேள்விகள் இவை. அளந்தவன்தான் இதற்குப் பதில் சொல்ல முடியும்.

கழிமுகத்துக்கு வெளியேயும் விஷயம் இருக்கிறது. பாக் விரிகுடா ஆழமில்லாத கடல். வெயில் அடிமட்டம் வரை போவதால் கடற்புல் படுகைகள் பரந்து வளர்கின்றன. வரி இறாலில் ஒரு வகை வளர்வது அந்தப் புல்லுக்குள்தான். ஆவுளியா என்கிற கடற்பசு மேய்வதும் அங்கேதான். தஞ்சை, புதுக்கோட்டைக் கடலில் 448 சதுர கிலோமீட்டரை 2022 செப்டம்பரில் அரசு கடற்பசுப் பாதுகாப்பகமாக அறிவித்தது. நாட்டிலேயே இதுதான் முதலாவது. அந்தப் பெருமை நம் மாவட்டத்துக்கும் உண்டு என்று எத்தனை பேருக்குத் தெரியும்? புல் நிலைக்கிறதா என்பதும் சேறு எவ்வளவு வருகிறது, இழுவலை எவ்வளவு உழுகிறது என்பதைப் பொறுத்தது. அதற்கும் கணக்கு வேண்டும்.

தொடர்ந்து அளப்பது பெரிய விந்தை அல்ல. இங்கிலாந்தில் பிளிமத் நகர ஆய்வாளர்கள் 1903-இல் கடலில் ஓர் இடத்தைக் குறித்துக்கொண்டு தண்ணீர் எடுக்கத் தொடங்கினார்கள். போர் வந்தது, பணமில்லாமல் நின்றது, மறுபடி தொடங்கியது. கடல் எப்படி மாறி வருகிறது என்று கேட்டால் இன்று உலகமே அந்த ஏட்டைப் புரட்டுகிறது. நம் நாட்டிலும் 1947-இல் தொடங்கிய மத்திய கடல் மீன்வள ஆராய்ச்சி நிலையத்தார், மீன் இறங்குதுறைகளில் மாதிரிக் கணக்கெடுத்துத்தான் நாட்டின் கடல் மீன் உற்பத்தியை மதிப்பிட்டு வருகிறார்கள்.

ஆகவே சங்கத்துக்கு என் வேண்டுகோள் இதுதான். கட்டடமும் கல்வெட்டும் வேண்டாம். ஒரு நோட்டுப் புத்தகம் போதும். விலங்கியல், தாவரவியல், வேதியியல் மாணவர்கள் மாதத்தின் முதல் சனிக்கிழமை தென்வெள்ளாற்று வாய்க்குப் போகட்டும். முகத்துவாரத்தில் ஒன்று, கிழக்குக் கடற்கரைச் சாலைப் பாலத்தடியில் ஒன்று, இன்னும் கொஞ்சம் மேலே ஒன்று என மூன்று இடம். வெப்பம், உப்பு, ஆழம், தண்ணீரின் தெளிவு, வாசல் திறந்திருக்கிறதா அடைத்திருக்கிறதா, ஒரு சிறு வலையில் எத்தனை இறால் குஞ்சு. அவ்வளவுதான். உப்பு அளக்கும் ரிஃப்ராக்டோமீட்டர் சில ஆயிரம் ரூபாய். மாதம் ஒரு வேன் வாடகை. என் ஓய்வூதியத்திலிருந்து முதல் மூன்று ஆண்டுச் செலவை நான் தருகிறேன். அதற்குப் பிறகு நீங்கள் பார்த்துக்கொள்ள வேண்டும்.

மாணவர்களுக்கு ஒரு வார்த்தை. இந்த வேலையில் முதல் வருஷம் ஒன்றுமே தெரியாது. இரண்டாம் வருஷம் சலிப்பு வரும். ஐந்தாம் வருஷம்தான் ஆறு பேசத் தொடங்கும். அப்போது நீங்கள் படிப்பு முடித்துப் போயிருப்பீர்கள். உங்கள் நோட்டில் உங்களுக்குப் பின்னால் வருகிறவன் எழுதிக்கொண்டிருப்பான். பரவாயில்லை. போகிறபோது ஒன்று மட்டும் செய்யுங்கள். கரையில் வலை உணத்திக்கொண்டிருக்கும் பெரியவர்களிடம் பத்து நிமிஷம் உட்கார்ந்து, அவர் சொல்வதைத் தேதி போட்டு எழுதிக்கொள்ளுங்கள். அதுவும் அளவைதான்.

அடுத்த மாதம் முதல் சனிக்கிழமை காலை ஆறு மணிக்குக் கல்லூரி வாசலில் வேன் நிற்கும். வருகிறவர்கள் பழைய செருப்புப் போட்டுக்கொண்டு வாருங்கள், சேறு நிறைய இருக்கும்.