வளவாக மாறிய வீதி

யாழ்ப்பாணக் குடாநாட்டின் தென்மேற்கே கடலிடையே கிடக்கும் நெடுந்தீவுக்கு ஆங்கில நிலப்படங்களில் வழங்கும் பெயர் டெல்ஃப்ட் என்பது. அப்பெயரை இட்டவர் ஒல்லாந்தர். 1658 ஆம் ஆண்டிலே போர்த்துக்கேயரிடமிருந்து யாழ்ப்பாணத்தைக் கைப்பற்றிய அவர்கள், அதனைச் சூழ்ந்த தீவுகளுக்குத் தம் தாயகத்து நகரங்களின் பெயர்களைச் சூட்டினர். காரைதீவு அம்ஸ்டர்டாம் எனப்பட்டது; வேலணைத் தீவு லெய்டன் எனப்பட்டது; நெடுந்தீவு டெல்ஃப்ட் எனப்பட்டது. அப்பெயருக்கு மூலமான டெல்ஃப்ட் நகரம் ஒல்லாந்திலே வாய்க்கால்களும் பழைய செங்கல் வீடுகளும் நிறைந்த ஒரு சிறு நகரம். அந்நகரத்து வீதிகளில் ஏறக்குறைய ஐம்பது ஆண்டுகளுக்கு முன்னர் நிகழ்ந்த ஒரு மாற்றம், உலகெங்கும் வீதி அமைப்போரின் சிந்தனையையே திருப்பிவிட்டது. அம்மாற்றமே இன்றைய பேச்சின் பொருளாகும்.

ஒரு வீதி எதற்காக இருக்கிறது? இவ்வினாவுக்குப் பெரும்பாலானோர் உடனே கூறும் விடை, போவதற்கும் வருவதற்கும் என்பதாகும். அவ்விடை பிழையன்று; ஆயினும் அது பாதி விடையே. வீட்டு வாசலுக்கு முன்னே செல்லும் வீதி, அவ்வீட்டாருக்கு வழி மாத்திரமன்று. அங்கே முதியோர் மாலையில் நின்று பேசுகின்றனர். பெண்கள் அயலவரைக் காண்கின்றனர். பிள்ளைகள் பந்தாடுகின்றனர்; துவிச்சக்கர வண்டி ஓட்டப் பழகுகின்றனர். மோட்டார் வண்டி பெருகுவதற்கு முன்னர் இவ்விரு பயன்களும் ஒன்றையொன்று நெருக்காமல் ஒரே வீதியில் நிலவின. மாட்டு வண்டியும் குதிரை வண்டியும் வரும்போது பிள்ளைகள் விலகி நின்றனர். வண்டி போனபின் ஆட்டம் தொடர்ந்தது.

இரண்டாம் உலகப் போருக்குப் பின்னர் ஒல்லாந்திலே இந்நிலை விரைவாக மாறியது. 1960 ஆம் ஆண்டளவில் அந்நாட்டில் ஏறக்குறைய ஐந்து இலட்சம் மோட்டார்க் கார்களே ஓடின. பத்து ஆண்டுகளுள் அத்தொகை இருபது இலட்சத்தைக் கடந்தது. நகரங்கள் அவற்றுக்கு இடம் கொடுக்க விரைந்தன. வீதிகள் அகலமாக்கப்பட்டன, சதுக்கங்கள் வண்டித் தரிப்பிடங்களாயின. துவிச்சக்கர வண்டியில் வேலைக்கும் பள்ளிக்கும் சென்றுவந்த மக்கள் வீதியின் ஓரத்துக்குத் தள்ளப்பட்டனர். அதற்கு அந்நாடு செலுத்திய விலை பெரிது. 1971 ஆம் ஆண்டிலே அங்கு வீதி விபத்துகளில் இறந்தோர் மூவாயிரத்துக்கும் மேற்பட்டோர். அவருள் நானூறுக்கும் அதிகமானோர் சிறுவர்.

இவ்வெண்களை அரசாங்க அறிக்கையில் வாசிப்பது ஒன்று. ஒரு வீட்டில் ஓர் இருக்கை வெறுமையாவது வேறொன்று. தம் மகளை வீதி விபத்தில் பறிகொடுத்த விக் லாங்கன்ஹோஃப் என்னும் பத்திரிகையாளர், 1972 ஆம் ஆண்டிலே நாளிதழ் ஒன்றில் ஒரு கட்டுரை எழுதினார். ‘சிறுவர் கொலையை நிறுத்துங்கள்’ என்பது அதன் தலைப்பு. விபத்து என்ற மெல்லிய சொல்லை நீக்கிக் கொலை என்ற சொல்லை அவர் வைத்தது பலரைத் திடுக்கிடச் செய்தது. அதே தலைப்பைப் பெயராகக் கொண்டு பெற்றோர் இயக்கம் ஒன்று தோன்றியது. பின்னாளில் ஐரோப்பிய பாராளுமன்றத்தில் உறுப்பினராய் இருந்த மார்ட்யே வான் பூட்டன் என்னும் பெண்மணி, அப்பொழுது இளந்தாயாய் இருந்து அவ்வியக்கத்துக்குத் தலைமை தாங்கினார். பெற்றோர் வீதியை மறித்து நடுவிலே மேசைகளை இட்டு உணவருந்தினர். துவிச்சக்கர வண்டிகளில் திரளாகச் சென்று பிரதமரின் வீட்டு வாசலில் பாட்டுப் பாடினர். அம்ஸ்டர்டாமின் டி பைப் என்னும் நெருக்கமான குடியிருப்பிலே, பிள்ளைகளே தாம் விளையாடும் வீதியைக் கார்களிடமிருந்து மீட்டுத் தரும்படி கேட்டுப் போராடினர்.

பெற்றோர் கேட்டது பாதுகாப்பு. அதனை எவ்வாறு அளிப்பது என்பது பொறியியலாளரின் வேலை. இங்கேதான் டெல்ஃப்ட் நகரம் வரலாற்றில் இடம் பெறுகிறது.

பிரித்தானியாவிலே கொலின் புக்கானன் என்பார் தலைமையில் 1963 ஆம் ஆண்டு வெளிவந்த அறிக்கையொன்று, நகரத்தை ஒரு கட்டடத்துக்கு ஒப்பிட்டிருந்தது. கட்டடத்திலே நடைவழிகள் உண்டு, அறைகளும் உண்டு. நடைவழியில் எவரும் நடக்கலாம். ஆனால் ஓர் அறையை ஊடறுத்து எல்லோரும் போய்வருவதை எவரும் பொறுக்கமாட்டார். நகரத்திலும் பெருவீதிகள் நடைவழிகள்; குடியிருப்புப் பகுதிகள் அறைகள். இக்கருத்து ஒல்லாந்தரின் உள்ளத்தில் ஆழப் பதிந்தது. நகர அமைப்புப் பேராசிரியராகிய நீக் டி பூர், குடியிருப்பு வீதிக்கு ‘வோனெர்ஃப்’ என்னும் புதிய பெயரைத் தந்தார். அச்சொல்லின் முற்பகுதி குடியிருத்தலைக் குறிப்பது. பிற்பகுதி வீட்டைச் சூழ்ந்த நிலத்தைக் குறிப்பது. அதாவது, யாழ்ப்பாணத்தவர் வளவு என்று சொல்லும் அதே பொருள். வீதியை வளவாகக் கருதுக என்பதே அப்பெயரில் அடங்கிய கட்டளை. வளவுக்குள் வண்டி வரலாம். ஆனால் அது விருந்தாளியாகவே வரவேண்டும்.

டெல்ஃப்ட் நகரசபையின் பொறியியலாளராகிய யூஸ்ட் வால் இக்கருத்துக்கு உருவம் கொடுத்தார். 1960 களின் இறுதி தொடக்கம் அந்நகரின் சில வீதிகள் புதிதாக அமைக்கப்பட்டன. நடுவே தாரும் இருபுறமும் உயர்ந்த நடைபாதையும் என்ற பழைய பிரிவினை நீக்கப்பட்டது. வீட்டுச் சுவரிலிருந்து எதிர்வீட்டுச் சுவர்வரை ஒரே மட்டத்தில் கல் பரப்பப்பட்டது. நேராக ஓடிய வழி, மரங்களாலும் பூந்தொட்டிகளாலும் இருக்கைகளாலும் இடமும் வலமும் வளைக்கப்பட்டது. வண்டி ஓட்டி வருபவர் நெடுந்தூரம் நேரே பார்க்க முடியாதவராயினார். எந்த இடம் தமக்குரியது, எந்த இடம் பிள்ளைக்குரியது என்று பிரித்தறியவும் முடியாதவராயினார். ஆகவே அவர் தாமாகவே மெதுவாகச் சென்றார். 1976 ஆம் ஆண்டிலே ஒல்லாந்து அரசாங்கம் இத்தகைய வீதிகளுக்குத் தனிச் சட்டவிதிகளை வகுத்தது. அவ்விதிகளின்படி, நடப்பவர் வீதியின் முழு அகலத்தையும் பயன்படுத்தலாம். பிள்ளைகள் அங்கே விளையாடலாம். வண்டிகள் நடைவேகத்தில் மாத்திரமே செல்லலாம். நடப்பவரும் வண்டியை வேண்டுமென்று மறித்தல் ஆகாது.

ஒரு பலகையை நட்டு, மெதுவாகச் செல்க என்று எழுதினால் போதாதோ என்று சிலர் வினவக்கூடும். போதாது என்பதே அனுபவம் காட்டும் உண்மை. அகலமும் நேர்மையும் மழமழப்பும் கொண்ட வீதியில் ஒரு பலகை மெதுவாகச் செல் என்று கூறுகிறது. வீதியோ விரைந்து செல் என்று கூறுகிறது. பலகை ஒருமுறைதான் கூறும். வீதி அடிதோறும் கூறும். வண்டியோட்டி எதற்குச் செவிசாய்ப்பார் என்பதில் ஐயமில்லை. அவர் தீயவர் அல்லர். தம் பிள்ளைகளிடத்து அன்புடையவரே அவரும். ஆயினும் கால் தன் வேகத்தைக் கண்ணிடமிருந்து கற்கிறது. கண்ணுக்கு முன்னே வெளி விரிந்தால் கால் அழுத்துகிறது. வெளி ஒடுங்கினால் கால் தளர்கிறது. ஆதலினால் வேகத்தைத் தணிக்க விரும்புவோர் முதலில் வீதியின் வடிவத்தைத் திருத்தவேண்டும்.

வேகம் சற்றுக் குறைவதால் என்ன பெரிய பயன் விளையும்? கணக்கிட்டுப் பார்க்கலாம். மணிக்கு 50 கிலோமீற்றர் வேகத்தில் வரும் கார், ஒரு செக்கனில் ஏறக்குறைய 14 மீற்றர் தூரம் ஓடுகிறது. வீதியில் ஒரு பிள்ளை ஓடிவருவதைக் கண்டு, உணர்ந்து, காலைத் தடுப்பின்மேல் வைப்பதற்கு விழிப்பான ஒருவருக்கும் ஒரு செக்கன் வேண்டும். அந்த 14 மீற்றரும் வேகம் சிறிதும் குறையாமலே கழிகின்றன. மணிக்கு 30 கிலோமீற்றர் வேகத்தில் வரும் கார் அதே செக்கனில் 8 மீற்றரே ஓடும். பின்னர் நல்ல உலர்ந்த வீதியில் ஏறக்குறைய 5 மீற்றருள் நின்றுவிடும். எனவே 30 இல் வந்தவர் முற்றாக நின்றுவிட்ட இடத்திலே, 50 இல் வந்தவர் தடுப்பை அழுத்தவும் தொடங்கவில்லை. பிள்ளை நிற்கும் இடம் 13 மீற்றருக்கு அப்பால் என்றால், ஒருவர் மூச்சுவிட்டு நிற்கிறார். மற்றவர் முழு வேகத்துடன் மோதுகிறார். மோதும் வலிமையும் வேகத்தின் வர்க்கத்துக்கு ஏற்பவே பெருகும். 30 இலும் பார்க்க 50 இல் அது ஏறக்குறைய இரண்டே முக்கால் மடங்கு. மனித உடல் முன்னையதைப் பெரும்பாலும் தாங்கிக்கொள்ளும். பின்னையதைத் தாங்குவது அரிது.

டெல்ஃப்ட் காட்டிய வழியில் ஒரு குறை இருந்தது. வீதி முழுவதையும் கிளறிக் கல் பரப்புவதற்குப் பெரும்பொருள் தேவைப்பட்டது. ஆகவே எல்லா வீதிகளையும் அவ்வாறு மாற்ற எந்த நகரசபையாலும் இயலவில்லை. அதனால் 1980 களில் எளிய வழி ஒன்று மேற்கொள்ளப்பட்டது. ஒரு குடியிருப்புப் பகுதி முழுவதையும் மணிக்கு 30 கிலோமீற்றர் எல்லையுள் அடக்கி, அதனுள் நுழையும் வாயில்களிலும் சந்திகளிலும் மாத்திரம் வேகத்தடைகளையும் ஒடுக்கங்களையும் அமைப்பதே அவ்வழி. ஜெர்மனியில் புக்ஸ்டஹூட என்னும் சிறு நகரம் 1983 ஆம் ஆண்டிலே இத்தகைய வலயத்தை அந்நாட்டில் முதன்முதலாக அமைத்தது.

வேகத்தடை என்றதும் முதுகெலும்பை உலுக்கும் குறுகிய மேடுகளே பலருக்கு நினைவில் வரும். அத்தகைய மேடு நல்ல மேடன்று. அது மிகக் குறுகியதாயின், விரைந்து செல்லும் காரின் சில்லும் வில்லும் அதிர்ச்சியை விழுங்கிவிடும். மெதுவாகச் செல்பவரே அதிகம் துன்புறுவார். பிரித்தானிய வீதி ஆராய்ச்சி நிலையத்தார் 1970 களில் சோதனை செய்து வகுத்த மேடு, ஏறக்குறைய 3.7 மீற்றர் நீளமும் 10 சதமமீற்றர் உயரமும் உடையது, வில்போல் வளைந்தது. மெதுவாகச் செல்பவருக்கு அது தொட்டில் அசைவது போன்றது. விரைந்து செல்பவருக்கோ தண்டனை. துவிச்சக்கர வண்டி ஓட்டுவோருக்காக மேட்டின் ஓரத்தில் சமதளமாக ஒரு வழி விடுவதும் உண்டு. இருளில் கண்ணுக்குப் புலப்படாத மேடு, தடுக்க வந்த விபத்தைத் தானே விளைவிக்கும். ஆதலால் அதன்மேல் தெளிவான வெண்கோடுகளும் அருகே விளக்கும் இன்றியமையாதவை. நோயாளர் வண்டியும் தீயணைக்கும் வண்டியும் பஸ் வண்டியும் செல்லும் பெருவழிகளிலே இத்தகைய மேடுகளை வைத்தல் தகாது. அங்கே நடப்பவருக்கும் துவிச்சக்கர வண்டியோட்டிக்கும் தனிப்பாதை அளிப்பதே முறை.

இதனையே ஒல்லாந்தர் 1990 களில் நாடு தழுவிய கொள்கையாக்கினர். ஒவ்வொரு வீதிக்கும் ஒரு தொழிலே உரியது என்பது அக்கொள்கையின் உயிர்நிலை. நெடுந்தூரப் போக்குவரத்துக்கு ஒரு வகை வீதி. ஊர்ப்பகுதிகளை இணைப்பதற்கு ஒரு வகை வீதி. வீடுகளைச் சென்றடைவதற்கு ஒரு வகை வீதி. இரண்டு தொழில்களை ஒரே வீதியில் ஏற்றுவதாலேயே உயிர்கள் பலியாகின்றன. மனிதர் தவறு செய்வர் என்பதும் அக்கொள்கையில் ஒப்புக்கொள்ளப்பட்ட உண்மை. தவறு செய்தவருக்கு மரணமே தண்டனையாகாதபடி வீதியை அமைக்கவேண்டும் என்பது அதிலிருந்து பிறந்த முடிவு. 2023 ஆம் ஆண்டு டிசம்பர் மாதத்தில் அம்ஸ்டர்டாம் நகரம் தன் பெரும்பாலான வீதிகளில் 30 கிலோமீற்றரையே உச்ச வேகமாக்கியது.

பயன் யாது? 1971 இல் நானூறைக் கடந்திருந்த சிறுவர் மரணங்கள், 2010 ஆம் ஆண்டிலே பதினான்காகக் குறைந்தன. வண்டிகளோ பல மடங்கு பெருகியிருந்தன. இதற்கு வீதி அமைப்பு ஒன்றே காரணம் என்று சொல்லுதல் பொருந்தாது. இருக்கைப் பட்டிகளும், உறுதியான கார்களும், மதுபோதையில் ஓட்டுவதைத் தடுக்கும் சட்டங்களும், வைத்திய முன்னேற்றமும் தத்தம் பங்கை ஆற்றின. ஆயினும் பிள்ளைகள் இன்றும் அங்கே திரள்திரளாகத் துவிச்சக்கர வண்டிகளில் பள்ளிக்குச் செல்கின்றனர் என்பது கருதத்தக்கது. பிள்ளைகளை வீட்டுக்குள் அடைத்தும் மரணத்தைக் குறைக்கலாம். வெளியே விட்டுக் குறைத்ததே அந்நாட்டின் சிறப்பு.

ஒல்லாந்து செல்வம் மிக்க நாடு. அதன் செயல்களை ஏனையோர் பின்பற்றுவது எங்ஙனம் என்று ஐயுறுவோர் உளர். கல் பரப்பிய வளவு வீதிக்குப் பொருள் வேண்டும். ஆனால் ஒரு சந்தியை ஒடுக்குவதற்கும், பள்ளிவாசலின் முன்னே முறையான மேடு ஒன்றை இடுவதற்கும், வீதியோரத்தில் மரத்தை நடுவதற்கும் பெரும்பொருள் வேண்டியதில்லை. இலங்கையிலே ஆண்டுதோறும் இரண்டாயிரத்துக்கும் மேற்பட்டோர் வீதிகளில் உயிரிழக்கின்றனர். ஊர்ப்புறத்து ஒழுங்கைகளில் முடக்குக்கு முடக்கு வண்டி தயங்கியே செல்கிறது. படலையைத் திறந்து ஓடிவரும் பிள்ளையை அம்முடக்கே காக்கிறது. அவ்வொழுங்கையை நேராக்கி அகலித்துத் தாரிடும் நாளில், ஊரார் அதனை முன்னேற்றம் என்று கொண்டாடுவர். அதன்மேல் வரப்போகும் வேகத்துக்கும் அன்றே அணை கோலவேண்டும் என்பதை டெல்ஃப்ட் நகரத்தார் தம் வீதிகளிலே எழுதிக் காட்டியிருக்கின்றனர். ஒரு பிள்ளை இறந்தபின் நடப்படும் பலகை, அப்பிள்ளைக்குப் பயன்படுவதில்லை.