கொல்லைப்புறத்தில் ஒரு வட்டவில்

33 ஆண்டுகள் கணிதம் கற்பித்துத் தலைமையாசிரியனாய் ஓய்வு பெற்ற நான், சென்ற கோடையில் என் பேரனிடம் ஒரு பாடத்தில் தோற்றேன்.

அவனுக்கு வயது 12. மாமல்லபுரத்தில் சிறுவர் சிறுமியர் ஸ்கேட்போர்டு என்னும் சக்கரப் பலகைமேல் நின்று விளையாடக் கண்டதுமுதல் அவனுக்கு அதே நினைவு. 2021இல் டோக்கியோவில் நடந்த ஒலிம்பிக்கில் இவ்விளையாட்டு முதன்முறையாக இடம்பெற்றதே என்று வாதாடிப் பலகையும் வாங்கிக்கொண்டான். பின்பு, கொல்லையிலுள்ள சிமெண்டுக் களத்தின் ஓரத்தில் ஏறியிறங்க ஒரு மேடை வேண்டுமென்றான்.

"வளைவாக இருக்கவேண்டும், தாத்தா" என்றான். "சாய்தளம் போதும், மரமும் மிச்சம்" என்றேன். என் சொல்லே நின்றது. 30 பாகைச் சரிவில் பலகை அமைத்தேன். முதல் ஓட்டத்திலேயே, தரையும் பலகையும் கூடும் மூலையில் முன்சக்கரங்கள் முட்டின. வண்டி நின்றது, பையன் நிற்கவில்லை. இடக்கை மணிக்கட்டில் எலும்பு முறிவு. ஆறு வாரம் மாவுக்கட்டு. என் மகள் என்னை ஒரு சொல்லும் சொல்லவில்லை. சொல்லியிருந்தால் ஆறுதலாயிருக்கும்.

தொடுகோட்டின் இலக்கணத்தை எத்தனை வகுப்புகளில் சொல்லியிருப்பேன்! வளைவு தொடங்கும் புள்ளியில் தரையே அதற்குத் தொடுகோடாக அமையுமானால், சக்கரம் எங்கும் முட்டாது. சிறிது சிறிதாகத் திசை மாறி மேலேறும். பெயர் தெரியாமலே பையன் கேட்டது அதைத்தான்.

கட்டு அவிழுமுன்னரே ஆசாரியை அழைத்தேன். 7 அடி ஆரமுள்ள வட்டத்தில் ஒரு துண்டு. உயரம் 3 அடி. 7இன் வர்க்கம் 49. அதில் 4இன் வர்க்கமாகிய 16 போக 33. அதன் மூலம் ஏறத்தாழ 5¾. எனவே அடிநீளம் 5 அடி 9 அங்குலம். இக்கணக்கை வலக்கையால் போட்டவன் பேரனே. ஆணி அடித்து நூல் கட்டி வட்டவில் வரையலாமென்றேன். "நூல் இழுபடும் சார், ரீப்பர்தான் சரி" என்றார் ஆசாரி. அவரிடமும் தோற்றேன்.

18 மில்லிமீட்டர் பிளைவுட்டில் இரு பக்கங்களையும் அறுத்து, 8 அங்குலத்துக்கு ஒன்றாகக் குறுக்குச் சட்டங்கள் பொருத்தினோம். தடித்த பலகை வளையாமல் வெடிக்கும்; ஆதலால் 6 மில்லிமீட்டர் பலகைகள் இரண்டை ஒன்றன்மேலொன்றாக வளைத்துத் திருகினோம். உச்சி விளிம்பில் இரும்புக் குழாய். ஈரம் ஏறாதிருக்க அடியில் செங்கல். உச்சியில் சரிவு 55 பாகை. நான் முன்பு அமைத்ததைவிட மிகச் செங்குத்து. ஆயினும் சக்கரத்துக்கு இதுவே இணக்கமானது.

மருத்துவர் இசைந்த பின்னர், தலைக்கவசமும் மணிக்கட்டுக் காப்பும் முழங்காற் காப்பும் அணிந்து பையன் ஏறினான். பாதி உயரம் சென்று, அப்படியே பின்னோக்கி இறங்கி வந்தான். எங்கும் முட்டவில்லை. கொல்லைப்படியில் நின்றிருந்த என் மகள், "அப்பா, இடப்பக்கம் ஒரு திருகாணியின் தலை மேலே நீட்டிக்கொண்டிருக்கிறது, பாருங்கள்" என்றாள். அவன் விழுந்த நாளுக்குப் பின் அவள் என்னிடம் அவ்வளவு நீளமாகப் பேசியது அன்றுதான். நான் திருப்புளியைத் தேடிக்கொண்டு உள்ளே சென்றேன்.