குழந்தை இல்லங்களும் சர்க்கார் வக்கீலும்

(மேனாம்பேட்டில் நடைபெற்ற பஞ்சாயத்து உறுப்பினர் கூட்டத்தில் வட்டார வளர்ச்சி அதிகாரி ஒருவர் நிகழ்த்திய சொற்பொழிவு)



இந்த மேனாம்பேடு ஒரு காலத்தில் ஏரிப் பாசனத்தை நம்பிய ஊர். இன்று ஒருபுறம் அம்பத்தூர்த் தொழிற்பேட்டை, மற்றொருபுறம் வீட்டுமனைகள். அம்பத்தூர் நகராட்சியோடு 2011-ஆம் ஆண்டில் இது சென்னை மாநகராட்சியைச் சேர்ந்துவிட்டது. ஆயினும் அக்கம்பக்கத்துப் பஞ்சாயத்துகளிலிருந்து நீங்கள் இங்கே கூடியிருப்பதற்குக் காரணம் உண்டு. பட்டணம் எங்கே முடிகிறது, கிராமம் எங்கே தொடங்குகிறது என்று தெரியாத இத்தகைய இடங்களில்தான் வாடகைக்குப் பெரிய வீடு கிடைக்கும். அதிலே யார் குடியிருக்கிறார்கள் என்று கேட்பாரும் இரார். பெயர்ப் பலகை இல்லாத குழந்தை இல்லங்களுக்கு அது வசதியாகப் போகிறது.

ஆலையில் வேலை செய்யும் தாய்மாரின் குழந்தைகளைப் பற்றிச் சட்டம் வெகு நாட்களுக்கு முன்னரே கவலைப்பட்டது. 1948-ஆம் ஆண்டுத் தொழிற்சாலைச் சட்டம், ஐம்பதுக்கு மேற்பட்ட பெண்கள் வேலை செய்யும் ஆலையில் காப்பகம் வேண்டும் என்றது. 1976-இல் அந்த எண்ணிக்கை முப்பதாகக் குறைக்கப்பட்டது. அதைப் பார்வையிட இன்ஸ்பெக்டர்களும் இருந்தார்கள். நான் இன்று பேச வந்ததோ, தாய் தந்தையற்ற குழந்தைகளையும், வறுமையால் வெளியூருக்கு அனுப்பப்பட்ட குழந்தைகளையும் வைத்துக் காக்கும் இல்லங்களைப் பற்றி.

2007-இல், தமிழ்நாட்டு அநாதை இல்லங்களில் குழந்தைகள் கொடுமைக்கு ஆளாவதாகப் பத்திரிகையில் வந்த செய்தியை ஒட்டி எழுதப்பட்ட ஒரு கடிதத்தையே சுப்ரீம் கோர்ட்டு வழக்காக எடுத்துக்கொண்டது. பத்தாண்டுகள் நடந்த அவ்வழக்கில் 2017-ஆம் ஆண்டு மே மாதம் தீர்ப்பு வந்தது. நாட்டிலுள்ள குழந்தை இல்லங்கள் அனைத்தும் அவ்வாண்டு முடிவதற்குள் பதிவு செய்யப்படவேண்டும் என்பது அதிலே ஒரு கட்டளை. வழக்கின் பெயரிலேயே நம் மாநிலத்தின் பெயர் இருக்கிறது. அது நமக்குப் பெருமை தருவதன்று.

பதிவு செய்யாமல் இல்லம் நடத்துவோருக்கு 2015-ஆம் ஆண்டு இளைஞர் நீதிச் சட்டத்தின் 42-ஆவது பிரிவு ஓராண்டு வரை சிறைத்தண்டனையோ, ஒரு லட்ச ரூபாய்க்குக் குறையாத அபராதமோ, இரண்டுமோ விதிக்கிறது. விண்ணப்பிக்கத் தாமதிக்கும் ஒவ்வொரு முப்பது நாளும் தனிக் குற்றம். இவ்வளவு கடுமையான சட்டம் இருந்தும் வழக்கு ஏன் நிற்பதில்லை?

சில ஆண்டுகளுக்கு முன், வேறொரு வட்டாரத்தில் நான் பணியாற்றியபோது, அத்தகைய வழக்கொன்றில் சாட்சிக் கூண்டில் ஏறினேன். நான் நேரில் சென்று பார்த்து எழுதிய அறிக்கையில் "சுமார் இருபது குழந்தைகள்" என்று இருந்தது. எதிர்த்தரப்பு வக்கீல் எழுந்தார். "சுமார் என்றால் பதினெட்டா, இருபத்திரண்டா? அவர்கள் பெயர் என்ன? உறவினர் வீட்டு விசேஷத்திற்கு வந்த பிள்ளைகள் அல்லவென்று உமக்கு எப்படித் தெரியும்?" என்று அடுக்கினார். என்னிடம் பதில் இல்லை. கட்டடத்துக்குச் சொந்தக்காரர், தாம் வாடகைக்கு விட்டதோடு சரி என்றார். வாடகைக்கு இருந்தவரோ, தாம் டியூஷன் மட்டும் சொல்லித்தந்ததாகச் சொன்னார். பொறுப்பாளர் யார் என்பதே நிரூபணமாகவில்லை. வழக்குத் தள்ளுபடியாயிற்று.

வெளியே தாழ்வாரத்தில் சர்க்கார் வக்கீல் அம்மையார் கோபித்துக்கொள்ளவில்லை. கோபித்திருந்தால் எனக்கு ஆறுதலாக இருந்திருக்கும். "ஐயா, நான் கோர்ட்டிலே பேசுகிறவள், ஊரிலே நடந்து பார்க்க முடியாது. நீங்கள் எழுதிக் கொடுத்தால்தான் எனக்குக் கண் உண்டு" என்று மட்டும் சொல்லிவிட்டு அடுத்த கட்டை எடுத்துக்கொண்டு உள்ளே போனார்.

அதன் பிறகுதான் அந்த ஊர்க் கணக்குகளைப் புரட்டிப் பார்த்தேன். ஆதாரம் எல்லாம் அங்கேயே தூங்கிக்கொண்டிருந்தது! வீட்டு வரிப் பதிவேட்டில் கட்டடம் யார் பெயரில் இருக்கிறது, வரியை யார் வந்து கட்டினார் என்பது இருந்தது. பஞ்சாயத்துப் பள்ளியின் சேர்க்கைப் பதிவேட்டில் பதினான்கு குழந்தைகளுக்கு ஒரே கதவிலக்கம். அவர்களுக்குப் பாதுகாவலர் என்று கையெழுத்திட்டவரும் ஒருவரே. இவ்விரண்டு ஏடுகளின் நகலும் அன்று வக்கீல் கையில் இருந்திருந்தால், டியூஷன் என்ற பேச்சு ஐந்து நிமிஷம் நின்றிராது.

இன்னொன்றையும் சொல்லவேண்டும். இது போலீஸார் தாமாகவே வழக்குப் பதிந்து புலன் விசாரிக்கக்கூடிய குற்ற வகையில் சேர்ந்ததன்று. எழுத்து மூலமான புகார் இன்றி வக்கீலுக்கு வழக்கே இல்லை. ஆகையால் ஊரில் சந்தேகம் தோன்றினால், என்று பார்த்தோம், எத்தனை பேர், எத்தனை வயது, யார் பொறுப்பு என்பதை அன்றைக்கே எழுதி மாவட்டக் குழந்தைகள் பாதுகாப்பு அலகுக்கு அனுப்புங்கள். 1098 என்ற தொலைபேசி எண்ணும் இருக்கிறது. ஆதரவற்ற குழந்தையைக் கண்டவர் இருபத்து நான்கு மணி நேரத்திற்குள் தகவல் தராவிட்டால் அதுவே தண்டனைக்குரியது. ஆறு மாதம் வரை சிறையோ பத்தாயிரம் ரூபாய் அபராதமோ உண்டு. ஆனால் கிராம சபையில் குழந்தையின் பெயரைச் சொல்லிப் பேசாதீர்கள். பெயரை வெளியிடுவதும் சட்டப்படி குற்றம்.

எல்லா இல்லக்காரரும் கெட்டவர் என்று நான் சொல்லவில்லை. தம் கைப்பொருளைச் செலவிட்டுப் பிள்ளைகளுக்குச் சோறு போடும் நல்லவர்கள், காகிதத்துக்குப் பயந்து பதிவு செய்யாமல் இருப்பதும் உண்டு. அவர்களை முதலில் வக்கீலிடம் அல்ல, விண்ணப்பப் படிவத்திடம் அழைத்துப் போங்கள். பதிவு ஆகிவிட்டால் மருத்துவர் ஒருவரும் பெண் ஒருவரும் அடங்கிய குழு மூன்று மாதத்துக்கு ஒரு முறையேனும் வந்து பார்க்கும். அதற்கு அஞ்சுகிறவர் யார் என்பதும் அப்போது தெரிந்துவிடும்.

கும்பகோணத்தில் 2004 ஜூலை 16-ஆம் நாள் பள்ளிக் கூரை எரிந்து 94 குழந்தைகள் மாண்டனர். அங்கே சர்க்கார் வக்கீல் திறமையாகவே வாதாடினார் என்று வைத்துக்கொள்வோம். விசாரணை நீதிமன்றத்தின் தீர்ப்பு வந்தது 2014-இல். யாருக்கு என்ன பயன்? அந்தக் கூரையை விபத்துக்கு முந்திய நாளே யாரேனும் பார்த்து எழுதியிருக்கவேண்டும்.

என் வழக்கில் தள்ளுபடியான பின் அந்த வீடு ஒரே இரவில் காலியாயிற்று. பதினான்கு பேரும் பள்ளிக்கு வருவது நின்றுவிட்டது. எங்கே போனார்கள் என்று தலைமை ஆசிரியருக்கும் தெரியவில்லை. எனக்கும் இன்றுவரை தெரியாது.

அடுத்த கூட்டத்திற்கு வரும்பொழுது உங்கள் ஊர் வீட்டு வரிப் பதிவேட்டையும் பள்ளிச் சேர்க்கைப் பதிவேட்டின் நகலையும் கொண்டுவருமாறு கேட்டுக்கொள்கிறேன். இரண்டையும் பக்கத்தில் பக்கம் வைத்து, ஒரே கதவிலக்கம் எங்கே திரும்பத் திரும்ப வருகிறது என்று நாமே உட்கார்ந்து பார்ப்போம்.