ரோஜாச் செடியில் கரும்புள்ளி நோய்

லயத்து வீடானாலும் பிரிக்பீல்ட்ஸ் அடுக்குமாடி வீடானாலும், வாசலில் ஒரு ரோஜாச் செடி வைப்பது நம் வழக்கம். சாமி படத்துக்கும் பிள்ளையின் சடைக்கும் பூ கிடைத்துவிடும். அந்தச் செடியின் அடி இலைகளில் ஓரம் பிசிறிய கறுப்புப் புள்ளிகள் தோன்றும். பிறகு இலை மஞ்சளாகி உதிரும். செடி வெறும் குச்சியாக நிற்கும். இதுதான் கரும்புள்ளி நோய். இதற்குக் காரணம் கண்ணேறு அல்ல, பூசணம்.

பூசணத்தின் நுண்ணிய வித்துகள் மழைத்துளி தெறிக்கும்போது இலைக்கு இலை பரவுகின்றன. இலை ஏறக்குறைய 7 மணி நேரம் ஈரமாக இருந்தால் வித்து முளைத்து உள்ளே இறங்கிவிடும். கிள்ளான் பள்ளத்தாக்கில் மாலையில் இடி மழை பெய்தால், இலை விடியும்வரை காய்வதில்லை. நோய்க்கு அதுவே வசதி.

ஆகவே, முதல் வைத்தியம் ஈரத்தைக் குறைப்பதுதான். காலையில் தண்ணீர் ஊற்றுவோம். இலையில் படாமல் வேரில் ஊற்றுவோம். செடிகளை நெருக்கி வைக்காமல், காற்றும் வெயிலும் படும்படி வைப்போம். புள்ளி விழுந்த இலைகளையும், உதிர்ந்து கிடப்பவற்றையும் பொறுக்கிப் பையில் கட்டிக் குப்பையில் போடுவோம். செடியின் அடியில் உரமாகப் போடக்கூடாது. கத்தரிக்கோலையும் கழுவித் துடைத்து வைப்போம்.

அப்படியும் நோய் அடங்காவிட்டால், செம்பு கலந்த பூசணக்கொல்லியைக் கடையில் வாங்கி, உறையில் குறித்த அளவுப்படி இலையின் இருபுறமும் தெளிக்கலாம். புள்ளி விழுந்த இலை மீண்டும் பச்சையாகாது. மருந்து காப்பது புதுத் தளிரைத்தான்.

இந்த உண்மை நம்மவர் உழைத்த மண்ணிலேயே தெரியவந்தது. 1869-இல் இலங்கையில் காப்பித் துருநோய் கண்டறியப்பட்டது. 1880 முதல் 1882 வரை அங்கு ஆராய்ந்த மார்ஷல் வார்டு என்ற அறிஞர், வித்து முளைக்குமுன் மருந்து இலைமேல் இருந்தாக வேண்டும் என்று விளக்கினார். ஆனால் காலம் கடந்துவிட்டது. காப்பி அழிந்து, மலைகளில் தேயிலை ஏறியது.

ஒரு முக்கியமான எச்சரிக்கை. தோட்டத்தில் தெளிக்கும் களைக்கொல்லி பூசணத்துக்கு மருந்தல்ல. அது செடியையே கருக்கும். பாராகுவாட் என்னும் களைக்கொல்லி உயிரையே பறிக்கும். மலேசியாவில் 2020-ஆம் ஆண்டு அது தடை செய்யப்பட்டது. எந்த மருந்தையும் குளிர்பானப் புட்டியில் ஊற்றி வீட்டுக்குக் கொண்டுவராதீர்கள். பிள்ளைகளுக்கு அது விஷமென்று தெரியாது. ஒரு செடி போனால் இன்னொரு பதியன் வைத்துக்கொள்ளலாம்.