நாவை விற்றா நலம் பெறுவது?

(ஓரிக்கையில் நெசவாளரிடையே ஆற்றிய உரை)



திருமழிசையாழ்வாரும் கணிகண்ணனும் கச்சியை நீங்கியபோது, பெருமாளும் பாயைச் சுருட்டிக்கொண்டு பின்சென்று ஓரிரவு தங்கிய இடமே ஓரிக்கை என்பர். நம்புவதும் நம்பாததும் உங்கள் விருப்பம். ஊர்விட்டுப் போகிறவன் எதைச் சுருட்டி எடுத்துச் செல்கிறான் என்பதே என் கேள்வி.

"முன்னேற வேண்டுமாயின் தாய்மொழியை விடு" என்கின்றனர். உங்களைப் போலவே பட்டு நெய்யும் சவுராட்டிரரைப் பாருங்கள். குசராத்துப் பக்கமிருந்து புறப்பட்டு, நாயக்கர் காலத்தில் மதுரையில் நிலைத்தவர்கள். கடைத்தெருவில் தமிழ், அடுக்களையில் இன்றும் சவுராட்டிரம். வாணிகத்தில் தாழ்ந்தனரா? 'காதுகள்' புதினத்திற்காக 1993-இல் சாகித்திய அகாதெமிப் பரிசு பெற்ற குடந்தை எம்.வி. வெங்கட்ராம் அவ்வினத்தவரே, சரிகை வாணிகமும் செய்தவர். வந்தவர் நம் மொழிக்கே அணி சேர்த்தார்!

நம்மவர் நிலை என்ன? 1860 முதல் நேட்டால் கரும்புத் தோட்டங்களுக்குச் சென்றோரின் வழிவந்தவருள் மருத்துவர் உண்டு, வழக்கறிஞர் உண்டு. பெயரில் பிள்ளையும் கோவிந்தனும் உண்டு. நாவில்தான் பெரும்பாலோர்க்குத் தமிழ் இல்லை. அவர்களைப் பழிக்க எனக்கு வாய் வரவில்லை. கூலிகளாய்க் கொண்டு செல்லப்பட்டவர்கள். பிள்ளைகளுக்குப் பள்ளியில் வாய்த்தது ஆங்கிலமே.

சொந்த ஊரில், சொந்த வீட்டில் 'மம்மி' என்றழைக்கக் கற்பிக்கும் நமக்கு என்ன சாக்கு? பாவு, ஊடை, கோர்வை என்னும் சொற்கள் உங்கள் பிள்ளைகளுக்குத் தெரியுமா? இன்றிரவே கேட்டுப் பாருங்கள்.