தொழில் நடத்துவோருக்குத் தியானம்

சம்பள நாள் நெருங்கியும் வரவேண்டிய பாக்கி வராவிட்டால், தொழில் நடத்துபவரின் உடலில் அட்ரினலினும் கார்டிசோலும் சுரக்கின்றன. இதயம் வேகமாகத் துடிக்கிறது. ஆபத்திலிருந்து தப்பி ஓட உதவும் இந்த ஏற்பாடு, கணக்கு நோட்டின் முன் உட்கார்ந்திருப்பவருக்குப் பயன்படாது. நீடித்தால் தூக்கம் கெடும், ரத்த அழுத்தம் ஏறும்.

இதற்கு நேரெதிரான தளர்வு நிலையும் உடலுக்கு உண்டு என்று ஹார்வர்டு இதயநோய் மருத்துவர் ஹெர்பர்ட் பென்சன் 1975-இல் நூல் எழுதினார். அவர் சொன்ன முறை எளிது. கண்மூடி அமர்ந்து, தசைகளைத் தளர்த்தி, ஒவ்வொரு முறை மூச்சை விடும்போதும் ஒரே சொல்லை மனத்துக்குள் சொல்லவேண்டும். நாளுக்கு ஓரிரு முறை, 10 முதல் 20 நிமிடம். நடுவே கடன் தவணை நினைவுக்கு வரத்தான் செய்யும். அதை விரட்ட வேண்டாம். சொல்லுக்குத் திரும்பினால் போதும். அப்படித் திரும்புவதுதான் பயிற்சியின் உயிர். சாப்பிட்ட 2 மணி நேரத்துக்குள் இதைச் செய்யக்கூடாது என்பதால், கடை திறக்குமுன் காலை வேளையே வசதி.